மேடு வந்தால் இறங்கணும்

மற்ற வண்டி வாங்குகிறவர்கள் வாங்கின அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்கள். ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குகிறவனுக்கு அன்றைக்குத்தான் குறையே ஆரம்பிக்கும். பார்க்க நாலு கதவு வைத்த குடும்ப வண்டிதான், ஆனால் வாங்குகிறவன் அதைக் குடும்பத்துக்காக வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வண்டிக்காரர்கள் எல்லாம் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, கம்பெனிக்காரன் என்னென்ன செய்யாமல் விட்டுவிட்டான் என்று மதியம்வரை பேசுவார்கள். ஒருவருக்கு ஸ்டியரிங் இன்னும் கனமாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு பிரேக் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் மூக்கு முன்கண்ணாடியில் இடிக்க வேண்டும். அங்கே வரும் பல் டாக்டருக்கு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புகைக்குழாய் படபடவென்று வெடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு அப்பாவி, தண்ணி பாட்டில் வைக்க ஒரு இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கக் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவனுக்குப் பெயர் லென்ஸ். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்கள் கண்ணைச் சோதித்து, எந்த எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவான். அத்தனை பொறுமைசாலி, வண்டி என்று வந்துவிட்டால் பேய் பிடித்தவன் மாதிரி ஆகிவிடுவான். அவனுக்கு வண்டி தாழ வேண்டும், எடை குறைய வேண்டும், சத்தம் கூட வேண்டும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டான். அண்ணன் ஸ்பிரிங்கை மாற்றினார், வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்தது. சைலன்ஸரை எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டினார். சத்தம் உள்ளே வராமல் தடுக்கக் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த மெத்தைகளை எல்லாம் பிய்த்து எறிந்தார். முன்னால் இருந்த சீட்டுகளுக்குப் பதிலாகப் பந்தய வண்டியில் இருப்பதுபோல் குழிவான பக்கெட் சீட்டுகளைப் போட்டார். கடைசியில் பின்சீட்டையும் கழற்றிவிட்டார்.

அந்தப் பின்சீட்டுக்கு மட்டும் அவன் மனைவி ஒரு வார்த்தை கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

"யாராவது வந்தா எங்கங்க உக்காருவாங்க?"

"நாம ரெண்டு பேருதானே டீச்சர்? பின்னால யாரு உக்காரப் போறா?"

கல்யாணமாகி வருஷங்கள் போயும் குழந்தை இல்லாத வீடு அது. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

வண்டி கிளம்பினால் தெருவே எழுந்து உட்காரும். எதிர்வீட்டில் தையல் தைக்கும் அக்காதான் முதலில் கத்தினாள். "வண்டியா வச்சிருக்கே, ஆகாய விமானமா? ஊசியில நூல் கோக்க முடியல, கை நடுங்குது!" சத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும், தெருச் சங்கத்தார் கூடிப் பேசி, வேகத்தையாவது குறைக்கட்டும் என்று வீட்டுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே மூன்று வேகத்தடைகளைப் போட்டார்கள். சின்ன மேடுகள் இல்லை. நன்றாகத் தூக்கலாக, இவன் ஒருத்தனை மனதில் வைத்தே போட்ட மேடுகள். மற்றவர்கள் வண்டி தட்டுத்தடுமாறியாவது ஏறி இறங்கிவிடும், இவன் ஒருவனுக்குத்தான் அது மலை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு ஆள் எடை குறைந்தால் வண்டி அரை விரலாவது மேலே எழும். அதனால் மேடு வந்தால் மனைவி இறங்கிவிடுவாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பக்கம் நின்று குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... வாங்க, வாங்க... நில்லுங்க, தட்டுது" என்று வழி சொல்லுவாள். அவன் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். பிறகு அவள் ஏறிக்கொள்வாள். அடுத்த மேட்டில் மறுபடி இறங்குவாள். மழையானால் குடையோடு இறங்குவாள். புடவைக் கரை சேறாகும். தெருவே வேடிக்கை பார்க்கும். ஒருநாளும் அவள் முகம் கோணவில்லை, அவனும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. நாள்பட நாள்பட, வண்டி வேகம் குறைந்தாலே அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை. வயிற்று வலி என்று அவளும் பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அவன் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தான், "மாசா மாசம் வர்றதுதானே" என்றான். அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் கீழே வந்து ஒரு பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு சக்கரங்களின் இடுக்குகளைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான். நாலு சக்கரமும் முடிந்து மேலே போனபோது அவள் குளியலறை வாசலில் தரையில் கிடந்தாள்.

முகம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தாள், ஆனால் வேர்த்துக் கொட்டியது. "தோள்பட்டை வலிக்குதுங்க" என்றாள். வயிற்றுவலிக்காரி தோள்பட்டை என்கிறாளே என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயம் மட்டும் விளங்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

"பாலத்து மேல லாரி கவுந்து கிடக்கு சார். நாங்க அந்தப் பக்கம் இருக்கோம், சுத்திக்கிட்டுத்தான் வரணும். உங்க பக்கமே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, வண்டி இருந்தா நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

வண்டி இருந்தால்! அவனிடம் இல்லாத வண்டியா? வாடகைக் காரைத் தேடினால் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். "யாராவது வாங்களேன்!" என்று ஜன்னலில் நின்று கத்தினான். கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தவள் எதிர்வீட்டு அக்காதான். வந்தவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, டீச்சரின் கால்பக்கத்தைத் தூக்கினாள், இவன் தலைப்பக்கத்தைத் தூக்கினான்.

கீழே வந்து முன்சீட்டில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். குழிக்குள் இறக்க அவள் வயிற்றை மடக்க வேண்டியிருந்தது. மடக்கியதும் அவள் போட்ட சத்தத்தில் அவன் கையை விட்டுவிட்டான்.

"பின்னால படுக்க வைடா!" என்றாள் அக்கா. கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். சாயம் பூசிய வெறும் தகரமும் நாலைந்து போல்ட் தலைகளும் தெரிந்தன. "அடப்பாவி, சீட்டு எங்க?"

அவன் மேலே ஓடிக் கட்டில் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தான். அதை மடித்துத் திணித்து அவளைப் படுக்க வைத்தார்கள். அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஸ்டார்ட் செய்தான். சத்தம் தடுக்கும் மெத்தைகளைப் பிய்த்த வெற்றுக் கூட்டுக்குள் அந்தச் சத்தம் பறையடித்தது. பின்னால் அக்காவின் வாய் அசைவது கண்ணாடியில் தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை.

முதல் மேடு வந்தது. பழக்க தோஷம், கால் பிரேக்குக்குப் போனது. வண்டி தவழ்ந்தது. என்ஜின் சத்தம் கொஞ்சம் தணிந்த அந்த நேரத்தில் பின்னாலிருந்து அக்கா பதறினாள். "ஏம்மா, எதுக்கு எந்திரிக்கிறே? படும்மா!"

திரும்பிப் பார்த்தான். அவள் பாதிக் கண்ணைத் திறந்தபடி ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தாள். இன்னொரு கை கதவில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"இறங்கிக்கிறேங்க..." என்றாள். "மேடு..."

"இவ என்னடா உளறுறா?"

உளறவில்லை என்று அவனுக்குத் தெரியும். நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. "வேணாம்மா, நீ இறங்க வேணாம், படுத்துக்கோ, படுத்துக்கோ" என்று கெஞ்சினான். குறுக்காக ஏற்றவில்லை, சக்கரம் சக்கரமாகப் பார்க்கவில்லை. காலை அழுத்தினான். மூன்று பேர் எடையோடு வண்டி மேட்டில் மோதி, வயிறு முழுக்க உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. மெத்தையில் கிடந்தவள் அலறியது இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. இரண்டாவது மேட்டில் எதுவோ நெளிந்தது. மூன்றாவதில் அடியில் மடாரென்று ஒரு சத்தம், அதற்கு மேல் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய சாலையில் திரும்பும்போதே முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஆயில் தொட்டி உடைந்துவிட்டது. ரத்தம் வடிவதுபோல ஆயில் சாலையில் வடிந்துகொண்டிருக்கிறது. ஆயில் இல்லாத என்ஜின் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு இரும்பும் இரும்பும் தேய்ந்து கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். எவ்வளவு தூரம் என்பதை எந்த மகாராசனாலும் சொல்ல முடியாது. அந்த என்ஜினுக்காக அவன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வெயிலில் நின்று வாதாடியிருக்கிறான். இப்போது அவனுக்கு அதனிடம் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடட்டும், அதற்கப்புறம் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

"அக்கா, மூச்சு இருக்கா? அக்கா!"

அக்கா என்னவோ கத்தினாள். கேட்கவில்லை. கண்ணாடியில் அவள் முதுகுதான் தெரிந்தது. "என்ன? என்னக்கா?" மறுபடி கத்தினாள். மறுபடி கேட்கவில்லை. அழுகிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

சிக்னலில் முன்னால் நாலு வரிசைக்கு வண்டிகள். ஹாரனை அழுத்திப் பார்த்தான், நகர இடமில்லை. பொறுக்க முடியவில்லை. இந்த நிலையில் நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று தெரிந்தும் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். திடீரென்று எல்லாம் அமைதியானது. அந்த அமைதியில் ஒரு மெல்லிய முனகல் கேட்டது. அப்படியொரு நல்ல சத்தத்தை அவன் தன் ஆயுளில் கேட்டதில்லை.

"மூச்சு இருக்குடா," என்றாள் அக்கா. "உன்னையேதான் கூப்பிட்டுக்கிட்டு வர்றா. வீட்டுலேருந்து எத்தனை தடவை கூப்பிட்டா! நீ ஒரு தடவைகூட என்னன்னு கேக்கலையே?"

"கேக்கலக்கா," என்றான். "எனக்குக் கேக்கல."

பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினான். தகர டப்பாவில் போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தத்தோடு என்ஜின் பிடித்தது. சந்தையைத் தாண்டியது, பஸ் நிலையத்தைத் தாண்டியது. வெப்பம் காட்டும் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சி தெரிந்த இடத்தில் ஒரே ஒரு உதறல் உதறிவிட்டு நடுச்சாலையில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்டியரிங்கைக் கையால் குத்தினான். "இந்தா தெரியுது, இந்தா தெரியுதே!" என்று குழந்தை மாதிரி அழுதான்.

பின்னால் வந்த தண்ணி கேன் வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அப்புறம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சண்டைக்கே இறங்கி வந்தார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே திரும்பிப் போய் வேனின் பின்கதவைத் திறந்து, காலி கேன்களை இரண்டு கையாலும் வாரிச் சாலையில் எறிந்தார். கேன்கள் நாலு பக்கமும் உருண்டன. மெத்தையோடு அவளைத் தூக்கி வேனில் வைத்தார்கள். தன் வண்டிக் கதவைச் சாத்தக்கூட அவனுக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தாள், பிறகு அவனை முறைத்தாள்.

"கர்ப்பம்னு தெரியாதா உங்களுக்கு?"

"யாரு?" என்று கேட்டான் அவன். அப்படி ஒரு மடத்தனமான கேள்வி.

"கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலேயே தங்கிடுச்சு. இப்ப குழாய் வெடிச்சிருக்கு. வயித்துக்குள்ள பூரா ரத்தம். உடனே திறக்கணும், கையெழுத்துப் போடுங்க. குழந்தையைப் பத்திக் கேக்காதீங்க, அது முடிஞ்சு போச்சு. இவங்களைக் காப்பாத்தப் பாக்குறேன்."

எங்கே காட்டினார்களோ அங்கே போட்டான். அப்பன் ஆனதும் ஆகாமல் போனதும் ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிட்டது. தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது. அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து, அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது என்ன? தோள்பட்டை வலிக்குது என்றது. இல்லை, இறங்கிக்கிறேன் என்றது. ஒருத்தி சாகப் போகும்போது சொல்கிற வார்த்தையா அது? சொல்ல வைத்தவன் எவன்?

சட்டைப்பையில் போன் துடித்தது. அதன்பின் துடித்துக்கொண்டே இருந்தது. ரத்தம் கேட்டு யாராவது அழைக்கிறார்களோ என்று பதறி எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார்தான். நடுச்சாலையில் வாய் திறந்து நிற்கும் அவன் வண்டியை, அந்த வழியாகப் போன பல் டாக்டர் படம் எடுத்துப் போட்டிருந்தார். "லென்ஸ் வண்டி காலி!" அதன் கீழே வரிசையாக அழும் முகங்கள். ஒருவர் என்ஜினுக்கு மாலை போட்டுப் படம் வரைந்திருந்தார். "ஆன்மா சாந்தியடையட்டும்" என்று எழுதியிருந்தார் இன்னொருவர். அவர்களுக்கு என்ன தெரியும்? நேற்றுவரை இவனும் அதைத்தான் எழுதியிருப்பான். ஆனால் அந்த வரியைப் படித்ததும் அவன் கண் தியேட்டர் கதவுக்குப் போனது. அக்கா கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சகவாசம்டா உனக்கு," என்று தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் டாக்டரம்மா வெளியே வந்தாள். முகமூடியை இறக்கினாள். "பிழைச்சிட்டாங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. டாக்டரம்மாவின் ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லித் தேற்றினாள் அக்கா. தலைப்பாகையா அது என்று அவனுக்குள் என்னவோ கேட்டது.

அக்கா திருப்பிக் கொடுத்த போனில் மறுபடி அழைப்பு. ஒர்க்‌ஷாப் அண்ணன்.

"தம்பி, வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். என்ஜின் பூராவும் கடிச்சுப் போச்சுப்பா. மனசை விட்டுறாதே, வேற என்ஜின் பாத்துக்கலாம். என்னதான் ஆச்சு? மேட்டுல தங்கச்சி இறங்கலையா?"

அவன் பதில் சொல்லவில்லை. அண்ணன் அவன் என்ஜினுக்காகத் துக்கப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடினார்.

"சரி, ஒரு ரகசியத்தைச் சொல்லிடுறேன், தங்கச்சி என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. போன வாரம் ஸ்கூல் விட்டு நேரா இங்க வந்துச்சு. வண்டிக்குப் பின்சீட்டு திருப்பிப் போடணும்னுச்சு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதாம், ஞாயித்துக்கிழமை நீயே கதவைத் திறந்து பாக்கணுமாம். உன் பழைய சீட்டைத்தான் நான் வித்துட்டேனே, அதான் வேற ஒண்ணு தேடிப் புடிச்சேன். நேத்துத்தான் வந்துச்சு. குழந்தை சீட்டு மாட்டுற கொக்கி இருக்கணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போச்சு. என்னம்மா விசேஷமான்னு கேட்டேன், சிரிச்சிக்கிட்டே போயிடுச்சு." அண்ணன் சிரித்தார். "கொக்கி இருக்குப்பா. நல்லா பாத்துட்டேன். இப்ப மாட்டிடட்டுமா, என்ஜின் வேலை முடிஞ்சப்புறம் மாட்டட்டுமா?"

"சார்," என்று நர்ஸ் கதவிலிருந்து கூப்பிட்டாள். "கண்ணு முழிச்சிட்டாங்க. உங்களைக் கேக்குறாங்க."

போனில் அண்ணன் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் அப்படியே உள்ளே போனான். அவள் மூக்கில் குழாய், கையில் குழாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இதயத் துடிப்பு காட்டும் பெட்டி ஒன்று சன்னமாகக் கூவிக்கொண்டிருந்ததைத் தவிர அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவன் கட்டில் ஓரமாகக் குனிந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

"டாக்டர் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"ஞாயித்துக்கிழமை நானே சொல்லலாம்னு இருந்தேங்க."

"தெரியும்," என்றான். அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை, போர்வையைப் பார்த்துச் சொன்னான். "சீட்டு வந்துடுச்சாம்."

அதுவரை தைரியமாக இருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல் போட்ட வயிறு குலுங்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.